பெரிய ஆற்றில் வாத்து வேட்டை: படகுப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில், அதாவது மினியாபோலிஸ் முதல் செயின்ட் லூயிஸ் வரை, வாத்து வேட்டைக்குப் படகில் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. பெரும்பாலோர் கொண்டுபோவது 14 முதல் 18 அடி நீளமுள்ள, அடிப்பாகம் தட்டையான அலுமினியப் படகு. நீரோட்டம் வேகமாக உள்ள மற்றப் பெரிய ஆறுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வாத்து வேட்டையில் உயிர் போவது துப்பாக்கியால் குறைவு, தண்ணீரால்தான் அதிகம். அதனால் இங்கே வேட்டையைவிடப் படகைப் பற்றியே அதிகம் பேசுகிறோம்.

ஏரியில் பல வருடம் படகு ஓட்டியிருக்கிறேன். ஆற்றில் அப்படி என்ன வித்தியாசம்?

ஏரியில் மோட்டார் நின்றால் படகும் ஏறக்குறைய நின்றுவிடும். யோசிக்க நேரம் கிடைக்கும். ஆற்றில் மோட்டார் நின்ற நொடியிலிருந்து படகை ஆறு ஓட்டுகிறது. அது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் பாலத்தூணாக இருக்கலாம், கரையிலிருந்து சாய்ந்து கிடக்கும் மரமாக இருக்கலாம், அணையாகவும் இருக்கலாம்.

நீரோட்டத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், அளந்துவிடுங்கள். கரையோரம் 100 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு குச்சியை ஓட்டத்தில் விடுங்கள். 17 விநாடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு 4 மைல். அந்த வேகத்தில் மோட்டார் நின்ற 15 நிமிடத்தில் ஒரு மைல் கீழே போயிருப்பீர்கள். கரையோரத்தைவிட நடுவாற்றில் ஓட்டம் இன்னும் வேகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மீது அது தரும் விசை நான்கு மடங்காகும். போன வாரம் நங்கூரம் பிடித்த அதே இடத்தில் இந்த வாரம் பிடிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

மேல்நோக்கிப் போவதா, கீழ்நோக்கிப் போவதா?

இரண்டும் முடியும் என்றால், படகு இறக்கும் துறையிலிருந்து மேல்நோக்கிப் போங்கள். மோட்டார் பழுதானால் ஆறே உங்களைத் துறைப் பக்கம் கொண்டுவரும். துறைக்குக் கீழே அருகிலேயே அணை இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே துடுப்பும் உடனே போடத் தயாரான நங்கூரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கீழ்நோக்கிப் போனால் எரிபொருள் கணக்கு ஏமாற்றும். அசையாத தண்ணீரில் மணிக்கு 15 மைல் ஓடும் படகு, 4 மைல் ஓட்டத்தோடு போகும்போது 19 மைல் வேகத்தில் 5 மைலை 16 நிமிடத்தில் முடித்துவிடும். திரும்பும்போது வேகம் 11 மைல்தான், அதே தூரத்துக்கு 27 நிமிடம் ஆகும். மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய கணக்கு இங்கே போதாது. தொட்டியை நிரப்பியே புறப்படுங்கள்.

படகில் எவ்வளவு ஏற்றலாம்?

20 அடிக்குக் குறைவான படகுகளில் பின்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கொள்ளளவுத் தகடு இருக்கும். எத்தனை பேர், மொத்தம் எத்தனை பவுண்டு, மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று அதில் எழுதியிருக்கும். பலரும் ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சாமான்களையும் கூட்டிப் பாருங்கள்.

குளிர் உடை, பூட்ஸோடு மூன்று பேர், ஆளுக்கு 220 பவுண்டு என்றால் 660. 25 குதிரைத்திறன் மோட்டார் 150. ஆறு காலன் எரிபொருளும் அதன் தொட்டியும் 42. பேட்டரி 50. நான்கு டஜன் டிகாய்கள் (வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மைகள்), எடைக்கட்டியோடு ஒன்றுக்கு ஒன்றரை பவுண்டு வீதம், 72. துப்பாக்கிகளும் தோட்டாக்களும் 35. நாய் 70. நங்கூரம், சங்கிலி, கயிறு சேர்த்து 20. மறைப்புச் சட்டமும் புல்லும் 60. மொத்தம் 1,159 பவுண்டு. நாய் ஒருமுறை நீந்தி ஏறினால், புல்மறைப்பு மழையில் நனைந்தால், இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

தகட்டில் உள்ள எண், அமைதியான வானிலைக்கானது. அலை அடிக்கும் ஆற்றில் அதற்கும் குறைவாகவே ஏற்றுங்கள். எடை அதிகமானால் இரண்டு நடை போய் வாருங்கள், முதல் நடையில் ஒருவரும் டிகாய்களும், அடுத்த நடையில் மற்றவர்கள். அரை மணி நேரம் சீக்கிரம் எழுந்தால் முடிகிற வேலைதான் இது.

எடையைப் பரப்பி வைப்பதும் முக்கியம். டிகாய்ப் பைகளைக் குவித்து உயரமாக அடுக்கினால் படகின் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும், திருப்பத்தில் சாயும். பைகள் தரையோடு தரையாக நடுவில் கிடக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்று சட்டமே சொல்கிறதே?

பெரியவர்களுக்குச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆளுக்கு ஒன்று, 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் கூடுதலாக எறியக்கூடிய மிதவை ஒன்று. ஆனால் நவம்பர் மாத ஆற்றில் விழுந்தவருக்குச் சட்டம் கைகொடுக்காது.

குளிர்நீரில் விழுந்தவருக்கு நடப்பதைக் குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறல். உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த 10 நிமிடம் கைகால்கள் ஓரளவு சொன்னபடி கேட்கும். அதற்குப் பின் விரல்கள் கயிற்றைக்கூடப் பிடிக்காது. நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது பெரும்பாலோர் உடல் உறைந்து சாவதில்லை. அதற்கு வெகுமுன்பே, நீந்த முடியாமல் மூழ்கிவிடுகிறார்கள். அந்த முதல் நிமிடத்தில் இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, கைவிட்டு, கொக்கி மாட்ட யாராலும் முடியாது.

துப்பாக்கியைத் தோளில் வைக்க இடைஞ்சல் என்பதுதான் பலர் சொல்லும் காரணம். காற்று நிரம்பும் வகை ஜாக்கெட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதைக் கோட்டுக்கு மேலேதான் போட வேண்டும். கோட்டுக்குள் போட்டால், வாயு நிரம்பும்போது நெஞ்சை இறுக்கி மூச்சை அடைக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வாயுக்குப்பி இறுகத் திருகியிருக்கிறதா, காட்டி பச்சையாக இருக்கிறதா, தானியங்கி முனையின் காலாவதி தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். கடுங்குளிரில் வாயு மெதுவாக நிரம்பும் என்பதால், ஆற்றில் பனி மிதக்கத் தொடங்கியபின் நுரை வைத்த ஜாக்கெட்டோ மிதவைக் கோட்டோதான் எங்கள் தேர்வு.

வேடர்ஸ் போட்டுக்கொண்டு விழுந்தால் அது அடியில் இழுத்துவிடுமா?

இல்லை. மார்பளவு வரும் இந்த நீர்புகாக் கால்சட்டைக்குள் தண்ணீர் நிறைந்தாலும், தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆபத்து வேறு இடத்தில். காலை அசைப்பது கடினமாகும், நீந்த முடியாது. படகிலோ கரையிலோ ஏற முயலும்போது, மேலே வரும் தண்ணீர் அத்தனைக்கும் அப்போதுதான் எடை வரும்.

இடுப்பு பெல்ட்டை எப்போதும் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே வரும் தண்ணீர் குறையும், உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்ச நேரம் நிற்கும். விழுந்தால் மல்லாந்து, முழங்காலை மடக்கி, பாதம் ஓட்டம் போகும் பக்கம் நோக்கி மிதவுங்கள். கைகளால் துழாவிக் கரைப்பக்கம் கோணலாக நகருங்கள். நீரோட்டத்தில் எழுந்து நிற்க முயல வேண்டாம். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உங்களைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும்.

கில் சுவிட்ச் கயிறு உண்மையிலேயே தேவையா?

தேவை. ஓட்டுபவர் விழுந்ததும் இழுபட்டு மோட்டாரை அணைக்கும் கயிறு இது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள, இந்த சுவிட்ச் பொருத்தப்பட்ட படகு வேகமெடுத்து ஓடும்போது ஓட்டுபவர் இதை மாட்டியிருக்க வேண்டும்.

காரணம் இது. கைப்பிடியால் திருப்பும் மோட்டாரில் ஓட்டுபவர் வெளியே விழுந்தால், கைப்பிடி ஒரு பக்கம் முழுதாகத் திரும்பிவிடும். படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே சுழலும் விசிறியோடு திரும்பி வரும். இருட்டில் மூழ்கிய மரக்கட்டையில் மோதினால் ஆள் தூக்கி வீசப்படுவது நொடிக் கணக்கில் நடக்கும்.

கயிற்றைக் கோட்டுப் பொத்தானிலோ ஜிப்பிலோ மாட்ட வேண்டாம், பிய்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டின் வளையத்தில் மாட்டுங்கள். படகில் இன்னொரு கயிறும் இருக்கட்டும். ஓட்டுபவரோடு கயிறும் தண்ணீருக்குள் போய்விட்டால், மீதி ஆட்கள் மோட்டாரைக் கிளப்பி அவரை எடுக்க அது வேண்டும்.

நங்கூரத்தை எங்கே கட்டுவது?

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் மட்டும். ஆற்றில் பின்பக்கம் கட்டிய நங்கூரம் படகை மூழ்கடிக்கும். பின்பலகை சதுரமானது, தாழ்வானது, மோட்டார் எடையால் ஏற்கெனவே அழுந்தியிருப்பது. கயிறு இறுகியதும் அது இன்னும் கீழே போகும், ஓட்டம் பலகைக்கு மேலே ஏறி உள்ளே கொட்டும். முதல் வாளி அளவு தண்ணீர் வந்ததும் படகு இன்னும் தாழும். அதன் பிறகு நிறுத்த முடியாது. பக்கவாட்டில் கட்டினாலும் இதே கதைதான், படகு கவிழும்.

ஆழத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விடுங்கள். 10 அடி ஆழத்துக்கு 50 முதல் 70 அடி. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே 6 அடிச் சங்கிலி இருந்தால் நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வும். காளான் வடிவ நங்கூரம் குளத்துக்குச் சரி, ஓட்டத்தில் உருண்டுகொண்டே போகும்.

நங்கூரம் பாறையில் சிக்கிக்கொண்டால் மோட்டார் விசையால் இழுக்காதீர்கள், கயிற்றைப் பக்கவாட்டுக் கொக்கிக்கு மாற்றியும் இழுக்காதீர்கள். மெல்ல மேல்நோக்கி ஓட்டி, கயிறு தளர்ந்ததும் கையால் தூக்கிப் பாருங்கள். வரவில்லையா, வெட்டிவிடுங்கள். உறையிட்ட கத்தி ஒன்று அணியத்திலும் ஒன்று ஓட்டுபவர் மீதும் இருக்கட்டும். நங்கூரம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

விங் டேம் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கப்பல் தடத்தில் ஆழம் நிற்பதற்காக, கரையிலிருந்து ஆற்றின் நடுவை நோக்கி நீருக்கடியில் போடப்பட்ட கல்வரிசைகள் அவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்டவை. சில சமயம் ஒரு அடித் தண்ணீர்கூட மேலே இருக்காது.

மேலே ஒரு கோடுபோல் சலசலப்பு தெரியும். கவனிக்க வேண்டியது, கல் அந்தச் சலசலப்புக்கு நேர் அடியில் இல்லை, சற்று மேல்பக்கம் இருக்கிறது. கல்லைத் தாண்டி வழிந்த தண்ணீர் கொஞ்சம் கீழே வந்துதான் மேற்பரப்பைக் கலைக்கிறது. அதனால் மேல்நோக்கிப் போகிறவர் சலசலப்பைக் கடந்ததும் ஆபத்து முடிந்தது என்று வேகமெடுப்பார், அங்கேதான் மோட்டாரின் அடிப்பகுதி மோதும். இருட்டில் இந்தச் சலசலப்பும் தெரியாது. எனவே இருட்டில் மிதவைகளுக்கு நடுவே உள்ள தடத்தைவிட்டு வெளியே வேகமாக ஓட்ட வேண்டாம். மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை வலது கையிலும் பச்சை இடது கையிலும் இருக்க வேண்டும். நடந்து போகிறவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. இந்தக் கல்வரிசைகளின் முனையில் ஓட்டம் மணலை அரித்து ஆழமான குழி தோண்டியிருக்கும், முழங்காலளவு தண்ணீர் ஒரே அடியில் தலைக்கு மேல் போய்விடும்.

பார்ஜ் (பெரிய சரக்குப் படகு) வரும்போது என்ன செய்ய வேண்டும்?

தடத்தைவிட்டு விலகுங்கள், சீக்கிரமாக. செயின்ட் லூயிஸுக்கு மேலே ஒரு டோபோட் வழக்கமாக 15 பார்ஜ்கள் வரை தள்ளிக்கொண்டு போகும். ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்றால், படகைச் சேர்க்காமலே 975 அடி நீளம், 105 அடி அகலம். நிற்க ஒரு மைலுக்கும் மேல் ஆகலாம். பார்ஜ்களின் முகப்புக்கு முன்னால் நூற்றுக்கணக்கான அடி தூரம் டோபோட்டை ஓட்டுபவரின் கண்ணுக்கே தெரியாது. மறைப்புப் புல் கட்டிய, பழுப்பு வண்ணம் பூசிய உங்கள் படகு பகலிலும் அவருக்குப் புலப்படாது. ஐந்தோ அதற்கு மேலோ குறுகிய ஹாரன் ஒலி கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு, உங்களுக்காகத்தான் இருக்கும். வி.எச்.எஃப் ரேடியோவில் 13ஆம் அலைவரிசையில் டோபோட்டோடு பேசலாம், அவசர உதவிக்கு 16.

கரையோரம் மறைவில் இருப்பவர்களுக்கும் பார்ஜால் சிக்கல் உண்டு. அது நெருங்கும்போது ஆழமில்லாத ஓரங்களிலிருந்து தண்ணீர் நடுவாற்றை நோக்கி இழுபடும், கட்டிய படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். சில விநாடிகளில் தண்ணீர் அலையாகத் திரும்பி வரும், சேற்றில் ஒட்டிய படகு எழும்ப முடியாமல் பின்பலகை வழியாக நிரம்பும். பார்ஜைப் பார்த்ததும் அணியத்தை ஆற்றைப் பார்த்துத் திருப்பி, கட்டுக் கயிற்றைத் தளர்த்துங்கள்.

அணைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

இந்தப் பகுதியில் நீர்ப்பூட்டும் (கப்பல்களை ஏற்றி இறக்கும் அடைப்பு) அணையும் சேர்ந்த 29 இடங்கள் உள்ளன. அணைக்கு மேல்பக்கம் 600 அடியும் கீழ்பக்கம் 150 அடியும் தடை செய்யப்பட்டவை. கீழ்பக்கத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கதவுகளின் அடியில் பாயும் தண்ணீர் மேற்பரப்பில் சுருண்டு அணையை நோக்கியே திரும்பும். மோட்டார் நின்ற படகை அது உள்ளே இழுக்கும்.

டிகாய் போடும்போது படகு கவிழ்கிறது என்கிறார்கள். எப்படி?

ஒருவர் ஓரத்தில் குனிந்து கயிற்றை இழுக்கிறார், நாயும் அதே பக்கம் எட்டிப் பார்க்கிறது, இன்னொருவர் உதவ எழுகிறார். அவ்வளவுதான். ஒருவர் மட்டுமே வேலை செய்ய வேண்டும், அதுவும் அணியத்தில் முழந்தாளிட்டு. மற்றவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கட்டும். எப்போதும் கீழ்முனையிலிருந்து தொடங்கி ஓட்டத்தை எதிர்த்து முன்னேறுங்கள். மேலிருந்து இறங்கி வந்தால் படகு டிகாய்கள் மேலேயே மிதந்து ஏறும், கயிறு விசிறியில் சுற்றும், மோட்டார் நிற்கும், ஓட்டம் படகைக் குறுக்காகத் திருப்பும்.

படகிலிருந்தே சுடலாமா?

மோட்டார் அணைக்கப்பட்டு, அதனால் வந்த படகின் வேகமும் முழுதாக நின்றபின் மட்டுமே கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. படகு நகரும் நேரமெல்லாம் துப்பாக்கிகள் தோட்டா இல்லாமல் உறையில் இருக்கட்டும். சுடும்போது உட்கார்ந்தே சுடுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் எழுந்து ஒரே பக்கம் சுட்டால், பின்னுதைப்பும் உடல் எடையும் சேர்ந்து சிறிய படகைச் சாய்த்துவிடும்.

வானிலை எப்போது போதும் என்று சொல்ல வேண்டும்?

காற்று ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் அடிக்கும் நாளில் தனிக் கவனம் வேண்டும். அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும், தட்டை அடிப் படகின் அணியம் ஒன்றிலிருந்து இறங்குமுன் அடுத்தது உள்ளே விழும். மணிக்கு 15 மைலுக்கு மேல் அப்படி அடித்தால் 16 அடிப் படகில் நடுவாற்றைக் கடக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. புறப்படும் நேரத்தை மட்டுமல்ல, திரும்பும் நேரத்தின் முன்னறிவிப்பையும் பாருங்கள். ஆற்றின் நீர்மட்ட அளவையும் பாருங்கள். மட்டம் ஏறும் நாளில் கரையில் கிடந்த கட்டைகள் எல்லாம் மிதந்து வரும்.

1940 நவம்பர் 11 காலை இதே ஆற்றில் இதமான வெப்பத்தோடு விடிந்தது. பலர் மெல்லிய உடையில் போயிருந்தார்கள். புயலுக்கு முன்னால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கின, அதனாலேயே பலர் ஆற்றைவிட்டுக் கிளம்பாமல் இருந்தார்கள். பிற்பகலில் பனிப்புயல் பிடித்தது. மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய பாதிப்பேர் வாத்து வேட்டைக்காரர்கள். வாத்துகள் திடீரென்று அளவுக்கு மீறி இறங்கினால் வடமேற்கு வானத்தைப் பாருங்கள்.

படகு கவிழ்ந்துவிட்டால்?

படகோடு இருங்கள். 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில் மிதவை நுரை உண்டு, நிரம்பினாலும் மூழ்காது. கரை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும், நீந்திப் போகத் தோன்றும். குளிரில் அந்தத் தூரத்தை முடிக்கும் முன்பே கை நின்றுவிடும். முதல் நிமிடம் எதையாவது பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் சரிசெய்யுங்கள். பிறகு கைகால் கேட்கும் பத்து நிமிடத்துக்குள் உடம்பின் எவ்வளவு பகுதியை முடியுமோ அவ்வளவையும் தண்ணீருக்கு வெளியே, படகின் முதுகில் ஏற்றுங்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை எடுக்கும். படகு நிமிர்ந்தே இருந்தால், மோட்டார் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, விசிறிக்கு மேலே உள்ள தகட்டில் கால் வைத்து ஏறலாம். படகு மரக்கிளைகளை நோக்கிப் போனால் மட்டும், ஓட்டம் வரும் பக்கமாகப் படகுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். படகுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

விசில் லைஃப் ஜாக்கெட்டில் கட்டியிருக்க வேண்டும். போன் நீர்புகாப் பையில், உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். படகுப் பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை.

நாய்க்கு என்ன செய்வது?

மிதவை அங்கி, முதுகில் கைப்பிடி உள்ளதாக. நாய் எடுக்கப் போன வாத்தை ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால், நாயும் பின்னாலேயே போகும். அதனால் அதை அனுப்பும் முன்பே படகு கட்டவிழ்க்கத் தயாராக இருக்கட்டும். நாய்க்காக நீரில் குதித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கமாகப் படகை ஓட்டிப்போய், மோட்டாரை அணைத்து, அது மிதந்து வரும்போது கைப்பிடியைப் பிடித்து அணியம் வழியாக ஏற்றுங்கள்.

கரையில் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

வீட்டில் ஒருவரிடம், எழுதிக் கொடுத்து. எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா, எத்தனை பேர், படகின் நிறமும் பதிவு எண்ணும், வண்டி நிற்கும் இடம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 911ஐ அழைக்க வேண்டும். ஆற்றில் தேடுபவர்களுக்கு நீங்கள் இறங்கிய இடமும் நேரமும் தெரிந்தால்தான், ஓட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கும் என்று கணக்குப் போட முடியும். இடத்தை நடுவில் மாற்றினால் அதையும் சொல்லுங்கள். திரும்பி வந்து படகை டிரெய்லரில் ஏற்றியதும் முதல் வேலையாக அவருக்குப் போன் செய்யுங்கள்.